மானைக் கேட்டால் பூவைத் தருகிறார்

குறுக்கெழுத்தில் உங்களைப் பாடாய்ப் படுத்திய பூ எது? எனக்கு வாய்த்த குறிப்பு இது: ‘மானைக் கொடு என்றால் குளத்துப் பூவை நீட்டுகிறாரே! (3)’.

தாமரை, குவளை, அல்லி மூன்றுமே குளத்துப் பூக்கள், மூன்றுமே மூன்றெழுத்து. காரணம் புரியாமல் கட்டத்தை நிரப்புவது எனக்கு ஆகாது. உழை, கலை, பிணை, நவ்வி என்று தெரிந்த மானையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் சமையலறையில் பாட்டில் மூடியோடு மல்லாடிக்கொண்டிருந்த மனைவி, “மரை தேய்ந்துவிட்டது, வேறு வாங்க வேண்டும்” என்றாள். மரை! அதுவும் மான்தானே. ‘தா, மரை!’ என்று நான் கத்தியதைக் கேட்டு, யாருக்கு மரை கழன்றது என்பதுபோல் பார்த்தாள்.

—

எனக்கு வேங்கை. ‘பறித்தால் பூ, பாய்ந்தால் புலி (3)’. எளிதுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இந்தக் குறும்பு எவ்வளவு பழையது தெரியுமா? அகநானூற்றின் 48ஆம் பாட்டில், வேங்கைப் பூப் பறிக்கும் பெண்கள் ‘புலி புலி’ என்று கூவுகிறார்கள். அதை நம்பி வில்லோடு வந்த ஒருவன், புலி எந்தப் பக்கம் போனது என்று கேட்கிறான். பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்கிறார்கள். உங்கள் வாயில் பொய்யும் வருமோ என்கிறான் அவன். குறிப்பைத் தப்பாகப் படித்துவிட்டு, அமைத்தவரைக் குறைசொல்லும் நம்மைப் போலத்தான்!

—

நான் ஏமாந்தது ஆங்கிலத்தில். ‘இத்தாலிய ஃபிளவர் (2)’ என்றிருந்தது. இரண்டெழுத்தில் ஒரு பூவா என்று தாவரவியல் அகராதியையே புரட்டினேன். ‘ஃப்ளோ’ என்றால் ஓடுவது. ஓடுவதை ‘ஃப்ளோவர்’ என்று வைத்துக்கொண்டால், எழுத்து அச்சு அசலாகப் பூதான். விடை, போ நதி. உச்சரிப்பு வேறு, எழுத்து ஒன்று. பெரும்பாலும் சொன்னபடி எழுதும் தமிழில் இந்தத் தந்திரம் அவ்வளவாகச் செல்லாது. நம்மவர்களுக்குப் பிரிப்பதும் கிள்ளுவதும்தான் கைவந்த கலை. ‘பூவில் ஓரெழுத்தைக் கிள்ளினால் கடலில் போகும் (3)’ என்பதற்குக் கமலத்தில் ‘ம’ போய்க் கலம் வந்ததே, அதைச் சொல்கிறேன்.

—

அந்தக் கமலத்தை நானும் கிள்ளியிருக்கிறேன், ஆனால் கடைசி எழுத்தை. ‘கமல’ என்று வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விழித்தேன். போகட்டும். நேற்று நானே ஒன்று கட்டினேன், பாருங்கள்: ‘தண்ணீர் குடிக்க எடுத்தேன், நீலமாய்ப் பூத்தது (3)’. விடையை நாளை சொல்கிறேன்.