மீட்டுருவாக்கமா, பின்கணிப்பா?

அன்புடையீர்,

நாம் மொழிபெயர்க்கும் நூலில், பசிபிக்கில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்திய மார்ஷல் தீவுகள் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மக்கள் ஏற்ற கதிர்வீச்சைப் பல ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டுச் சொல்வதற்கு (dose reconstruction) ‘அளவு மீட்டுருவாக்கம்’ என்பதையே பலரும் விரும்புகிறீர்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு.

மீட்பதற்கு முன்பே ஓர் உரு இருந்திருக்க வேண்டும். மூலத் திராவிடச் சொற்களை மீட்டுருவாக்குவோர்கூட, சான்றில் இல்லாத ஊக வடிவம் என்று காட்ட முன்னால் உடுக்குறி (*) இட்டே தருகிறார்கள். 1954 மார்ச் 1 அன்று பிகினியில் 15 மெகாடன் குண்டு வெடித்துச் சாம்பல் பொழிந்தபோது, ரோங்கெலாப் தீவிலிருந்த 64 பேரில் எவரிடமும் கதிர்வீச்சுமானி இல்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துப் பலரின் சிறுநீரை ஒன்றாகக் கலந்து சோதித்தார்கள். அதற்குள், தைராய்டில் சேரும் கதிரியக்க அயோடின்களில் அயோடின்-131 பெருமளவு சிதைந்திருந்தது, 21 மணி நேரமே அரைவாழ்வு கொண்ட அயோடின்-133 அடையாளமின்றி மறைந்திருந்தது. தைராய்டு ஏற்ற அளவை, எஞ்சியதைக் கொண்டு பின்னோக்கித்தான் கணக்கிட்டார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் மார்ஷல் தீவுகளில் கூடுதலாக வரக்கூடிய புற்றுநோய்களை 2004இல் சுமார் 500 என்றது. 2010இல் சுமார் 170 என்றது. மீட்ட உரு ஆறே ஆண்டுகளில் இப்படிச் சுருங்குமா? ஆகவே ‘பின்கணிப்பு’ என்று முன்மொழிகிறேன்.

‘அளவு’க்கு மாற்றாக ‘மாத்திரை’யைப் பரிந்துரைத்து, இருபதில் ஒரு பங்காகிய ‘மா’விலிருந்து அதை வருவித்து ஐயா எழுதிய மூன்று மடல்களையும் சுவைத்துப் படித்தேன். ஆனால் தொல்காப்பியர் கண்ணிமைப் பொழுதுக்கு ஆண்ட அச்சொல் இன்று மருந்துக்கடையில் விற்கிறது; ரோங்கெலாப் மக்கள் எதையோ விழுங்கினார்கள் என்றே மாணவர் எண்ணுவர்.

மறுமொழி:

அம்மா, கணிப்பு என்றதும் வாசகர் நினைவுக்கு வருவது தேர்தலும் வானிலையும்தான். ‘பின்கணிப்பு’ என்பதை, இனி வரப்போவதைப் பிறகு கணிப்பது என்றே கொள்வர். ஐயத்தைக் கலைச்சொல்லுக்குள் திணிக்க வேண்டாம், வாக்கியம் அதைச் சொல்லட்டும். சொல்லில் இவ்வளவு கவனமுள்ள நீங்கள், வெடிப்பின்போது தீவில் இல்லாமல் 1957இல் குடியேறியவர்களைப் ‘பாதிப்புறாத குழு’ என்று பெயர்த்திருக்கிறீர்கள். அவர்களும் கதிரியக்கச் சீசியம் ஏறிய அதே மண்ணின் தேங்காயைத்தானே உண்டார்கள்? தீவு மக்களைப் பற்றிய மருத்துவ ஆய்வின் மேல் எழுந்த சச்சரவில் பாதி அந்த ஒப்பீட்டைப் பற்றியதுதான். ‘ஒப்பீட்டுக் குழு’ போதும்.

மறுமொழி:

ஒப்புக்கொள்கிறேன், ‘பாதிப்புறாத’ என்பதை நீக்கிவிட்டேன். பெரும்பான்மையை மதித்து ‘அளவு மீட்டுருவாக்கம்’ என்றே அச்சிடுகிறேன், அச்சொல் முதலில் வருமிடத்தில் மட்டும் ஓர் உடுக்குறியுடன்.

மறுமொழி:

உடுக்குறியைக் கண்டவர்கள் பக்கத்தின் அடியில் குறிப்பைத் தேடுவார்கள். ‘மாத்திரை’ குறித்த நான்காம் மடலை நாளை அனுப்புகிறேன்.