மறு: பூஸ்ட் – ‘ஊக்க அழுத்தம்’ போதுமா?

அன்பு நண்பர்களே,

பழைய டர்போ கார்களில் பூஸ்ட் கோளாறு கண்டுபிடிக்கும் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிவரும் நண்பர், ‘பூஸ்ட்’ என்பதற்குச் சொல் கேட்டு இழையைத் தொடங்கினார். இதுவரை ஊக்க அழுத்தம், உந்தழுத்தம், மிகையழுத்தம், திணிவழுத்தம் என நான்கு சொற்கள் வந்துவிட்டன. நான் ஐந்தாவதாக ஒன்றைச் சொல்கிறேன்: திணிப்பு. முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் திணிப்பழுத்தம்.

ஏன் என்பதற்கு முன், நாம் எதற்குப் பெயர் வைக்கிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் தானாகக் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. ஐடிலில் (வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது) உள்ளிழு குழாயில் வெற்றிடம் இருக்கும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். டர்போவில் வெளியேறும் புகை ஒரு சுழலியைச் சுற்றுகிறது, அதே தண்டில் மறுமுனையில் இருக்கும் அமுக்கி காற்றை உள்ளே தள்ளுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதுதான் பூஸ்ட்.

இந்த ‘மேலே எவ்வளவு’ என்பதை விட்டுவிடக் கூடாது. இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் விமானங்களில் பூஸ்ட் மானி இயல்பான காற்றழுத்தத்தைச் சுழியாக வைத்து, அதற்கு மேல் எத்தனை பவுண்டு என்று காட்டியது. ஜெர்மானியர்களோ வெற்றிடத்திலிருந்து எண்ணி மொத்த அழுத்தத்தையே காட்டினார்கள். அதே குழப்பம் கார்களிலும் இருக்கிறது: டேஷ்போர்டில் பொருத்திய மானி 0.8 பார் காட்டும்போது, இன்ஜின் கணினியின் உணரி ஏறத்தாழ 180 கிலோபாஸ்கல் என்று சொல்லும். இரண்டும் சரி. முதலாவது திணிப்பு, இரண்டாவது தனி அழுத்தம், அதாவது வெற்றிடத்திலிருந்து எண்ணும் மொத்த அழுத்தம். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், படிப்பவர் நல்ல உணரியைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்கிவிடுவார்.

> ‘ஊக்க அழுத்தம்’ எளிமையாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

தனியாக நிற்கும்வரை எளிமைதான். கூட்டுச்சொல் ஆக்கிப் பாருங்கள். ‘ஊக்கக் குறைவு’, ‘ஊக்கக் கசிவு’ என்று வரும்போது இன்ஜினைப் பழுதுபார்ப்பதைவிட அதற்கு ஆறுதல் சொல்லத்தான் தோன்றுகிறது. ‘உந்தழுத்தம்’ வேண்டாம், பேருந்து, மகிழுந்து, உந்துவிசை என்று ‘உந்து’ ஏற்கெனவே வண்டியை நகர்த்தும் வேலையில் இருக்கிறது. ‘மிகையழுத்தம்’ பொருளளவில் கச்சிதம், நானே முதலில் அதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் பூஸ்ட் அளவு மீறிப் போகும் ஓவர்பூஸ்ட் என்பதற்கு ‘மிகை மிகையழுத்தம்’ என்றா எழுதுவது?

‘திணிவழுத்தம்’ சொன்ன நண்பர் ஓசையைப் பார்த்திருக்கிறார், ஆனால் அதில் ஒரு வெடி இருக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்றால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்று சொல்வது. அவர்கள் நிறை என்று சொல்வது தமிழ்நாட்டில் எடை. இந்தச் சிக்கலில் நாமும் போய் ஒரு முடிச்சுப் போட வேண்டாம்.

திணிப்பு என்றால் நம் காதில் ஒரு கசப்பான அரசியல் ஒலி கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் பொருள் அப்படியே பொருந்துகிறது. காற்றும் அங்கே விரும்பிப் போகவில்லை, வலுவில் திணிக்கப்படுகிறது. டர்போ, சூப்பர்சார்ஜர் (புகைக்குப் பதில் இன்ஜினே சுற்றும் அமுக்கி) இரண்டுக்கும் பொதுவான அந்த முறைக்கே ‘காற்றுத் திணிப்பு’ என்று பெயர் வைத்துவிடலாம். குடும்பம் முழுதும் ஒரே வேரில் வந்துவிடும். பட்டறையில் “பூஸ்ட் ஏறல, பூஸ்ட் நிக்கல” என்று பேசுகிறார்களே, அந்த வினைகளோடும் ஒட்டும்: திணிப்பு ஏறவில்லை, திணிப்பு நிற்கவில்லை. ஏற்றழுத்தம் என்று யாராவது சொல்ல வந்தால் இந்த இடத்தில் ‘ஏற்றம் ஏறவில்லை’ என்று மாட்டிக்கொள்வார்கள்.

இனி கூட்டுச்சொற்கள். குறைதிணிப்பு, மிகுதிணிப்பு. இரண்டும் வினைத்தொகை, ஒற்று மிகாது, ஜோடியாகவும் நிற்கும். ஓபிடி-2 என்னும் பொதுக் கோளாறுக் குறியீட்டு முறை உள்ள கார்களில் (அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம்) ஸ்கேனரைச் செருகினால் பி0299 என்றும் பி0234 என்றும் வரும் குறியீடுகள் இவைதாம்: முன்னது குறைதிணிப்பு, பின்னது மிகுதிணிப்பு. அந்த முறை வருவதற்கு முந்தைய கார்களில் இந்தப் பொதுக் குறியீடுகள் இருக்காது. மானியும் காதும்தான் கதி.

கசிவில்தான் நாம் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும். நண்பர் அனுப்பிய வரைவில் ‘பூஸ்ட் கசிவு’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு கோளாறுகளுக்கு வருகிறது. அமுக்கியிலிருந்து த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவு) வரை போகும் பெரிய குழாய்களில், திணித்த காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில், ரப்பர் இணைப்புகளில் காற்று கசிந்தால் திணிப்பு குறையும். காற்றின் அளவை முன்பே அளந்துவிடும் வகைக் கார் என்றால், அளந்த காற்று வழியில் தப்பிவிடுவதால் பெட்ரோல் அதிகமாகி கரும்புகையும் வரும். இன்னொன்று, அமுக்கியிலிருந்து வேஸ்ட்கேட்டின் (சுழலிக்குப் போகும் புகையில் ஒரு பங்கை விலக்கித் திணிப்பை அடக்கும் கதவு) ஆக்சுவேட்டருக்கு (அந்தக் கதவை அழுத்தத்தால் திறக்கும் கருவி) போகும் பென்சில் பருமன்கூட இல்லாத ரப்பர் குழல். அது வெடித்தாலோ முனையிலிருந்து கழன்றாலோ, அழுத்தம் ஏறிய செய்தி ஆக்சுவேட்டருக்குப் போய்ச் சேராது. வேஸ்ட்கேட் திறக்காது. திணிப்பு குறைவதற்குப் பதில் தாறுமாறாக ஏறும். பல கார்களில் கணினி பயந்துபோய்ப் பெட்ரோலை வெட்டிவிடும், வண்டி சுவரில் முட்டியதுபோல் குலுங்கும். காரைக் கொண்டுவருபவர் இரண்டு கோளாறுக்கும் ஒரே வாசகத்தைத்தான் சொல்வார்: “இழுக்க மாட்டேங்குது.”

அதனால் திணிப்புக் கசிவு என்பதை முதலாவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாவதைக் கட்டுப்பாட்டுக் குழல் கசிவு என்று பிரிப்போம். பெரியது எல்லா இடத்திலும் குழாய், சின்னது எல்லா இடத்திலும் குழல். இந்த ஒரு ஒழுங்கைக் கையேடு முழுக்கக் கடைப்பிடித்தாலே பாதிக் குழப்பம் தீரும். சோதனையும் வேறு வேறு. திணிப்புக் கசிவுக்கு அமுக்கியின் வாயில் ஒரு மூடியை இறுக்கி, அந்தக் காரின் வழக்கமான திணிப்பைத் தாண்டாமல் காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் பார்க்க வேண்டும். கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிக்கூடு) காற்றோட்டக் குழலை முதலில் அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் ஊற்றும் மூடியில் ‘உஸ்’ என்று கேட்டு, இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்போம். கட்டுப்பாட்டுக் குழலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம்: கைப்பம்பால் அந்தக் குழல் வழியே ஆக்சுவேட்டருக்கு அழுத்தம் கொடுத்தால் கம்பி நகர வேண்டும், அழுத்தம் நிற்கவும் வேண்டும். நிற்காவிட்டால் குழல் கசிகிறது, அல்லது ஆக்சுவேட்டரின் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது.

> எல்லாம் சரி, இத்தனை நுணுக்கம் தேவைப்படும் கார் உண்டா?

உண்டு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7, மூன்றாம் தலைமுறை, 1990-களின் கார். அதில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும். ஆரோக்கியமான காரில் திணிப்பு 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அளவு) ஏறும், 4,500 ஆர்பிஎம் வாக்கில் 8-க்கு இறங்கும், மறுபடி 10-க்கு வரும். நடுவில் வரும் அந்த இறக்கம் கோளாறு அல்ல. இரண்டாவது டர்போ உள்ளே வரும் கணம். கையேட்டில் இதைத் ‘திணிப்பு வீழ்ச்சி’ என்று எழுதினால் படிப்பவர் பதறுவார். கைமாற்றம் என்பேன். கைமாற்றத்துக்குப் பிறகும் முள் 10-க்குத் திரும்பாமல் கீழேயே கிடந்தால்தான் இரண்டாவது டர்போ பக்கம் போய்த் தேட வேண்டும். தேடும் இடமும் சாமானியமல்ல: இன்ஜினுக்கு மேலே குழல்களும் சோலனாய்டுகளும் (மின்சாரத்தால் திறந்து மூடும் சிறு வால்வுகள்) பின்னிக் கிடக்கும். வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் இருக்கும் குழல், முனையில் மட்டும் வெந்து கடினமாகி, விரலால் வளைத்தால் நூல் இழைபோல் ஒரு வெடிப்பைக் காட்டும்.

அதே காரில் இன்னொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. சைலன்சரையும் முன்குழாயையும் தடையில்லாத வகைக்கு மாற்றியவர்கள், ஆர்பிஎம் ஏற ஏறத் திணிப்பும் நிற்காமல் ஏறுகிறது என்பார்கள். வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும் அத்தனை புகையை அதனால் விலக்கிவிட முடியவில்லை என்று பொருள். இதைத் திணிப்பு ஊர்வு என்போம். கணநேரம் எகிறிவிட்டு இலக்குக்குத் திரும்புவது வேறு. அது திணிப்புத் துள்ளல், அதைக் கட்டுப்பாட்டில்தான் திருத்த வேண்டும். ஊர்வுக்கு வேஸ்ட்கேட்டின் துளையையே பெரிதாக்க வேண்டியிருக்கும். இந்தக் காரில் இருப்பது, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின். அதில் இதை அசட்டை செய்தால் வெடிப்புத் தட்டலில் (எரிபொருள் கட்டுமீறி வெடிப்பதில்) ரோட்டரின் முனைச் சீல்கள் போய்விடும். சொல் தவறினால் செலவு அங்கே நிற்கும்.

> வேஸ்ட்கேட்டுக்குக் ‘கலிங்கு’ நல்ல பழஞ்சொல். ஏரியின் உபரிநீர் போகும் வழி.

அழகான சொல், ஆனால் கலிங்குக்குப் பொதுவாகத் திறந்து மூடும் கதவு கிடையாது. மட்டம் தாண்டினால் தண்ணீர் தானாக வழியும். இங்கே கம்பி தள்ளி மூடி திறக்கிறது, ஆகவே மதகுதான். கழிமதகு என்று இன்னொருவர் சொன்னதில் எனக்கு ஒரு தயக்கம்: எதைக் கழிக்கிறது என்று அது சொல்லவில்லை. வேஸ்ட்கேட் திணித்த காற்றை வெளியே விடுகிறது என்று நினைக்கும் ஆட்கள் ஏராளம். அது விலக்குவது சுழலிக்குப் போகும் புகையை. எனவே புகைமதகு. பெயரிலேயே பாதி விளக்கம் வந்துவிடுகிறது.

மிதித்த பிறகு திணிப்பு ஏறத் தாமதமாகும் டர்போ லேக் என்பதற்குச் ‘சுணக்கம்’ என்று இழையின் தொடக்கத்தில் வந்தது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. இன்டர்கூலர், ஆக்சுவேட்டர், சோலனாய்டு மூன்றையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். கடையில் அந்தப் பெயரில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மிச்சம் இருப்பது ப்ளோ-ஆஃப் வால்வு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் அமுக்கிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் காற்றை ஒருவகை வெளியே விடுகிறது, இன்னொரு வகை அமுக்கியின் வாய்க்கே திருப்பி அனுப்புகிறது. காற்றை அளக்கும் கார்களில் முதல் வகையை மாட்டினால், கியர் மாற்றும்போது கொஞ்ச நேரம் பெட்ரோல் அதிகமாகி இன்ஜின் திணறும். அதனால் இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது என்பது மட்டும் எனக்கு உறுதி. வெளிவிடு வால்வு, திருப்பிவிடு வால்வு என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ‘வால்வு’ இருக்கட்டுமா, அடைப்பிதழ் ஆக வேண்டுமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். வரைவு அடுத்த சுற்றுக்குப் போகுமுன் நண்பருக்கு விடை தேவை.