லிஸ்பனில் வேஷம் கட்டிய சாப்பாடு

வெளியூரில் சாப்பிட உட்கார்ந்து ஏமாந்த கதை எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் ஆரம்பியுங்கள்.

பயணக் கட்டுரை எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் ஐரோப்பாவில் அரண்மனை, அருங்காட்சியகம் என்று சுற்றியதில் மனதில் நின்றது குறைவு. நின்றதெல்லாம் தட்டில் வந்தவை. போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் மோராரியா என்று ஒரு பழைய பேட்டை, மலைச்சரிவில் படிகளும் சந்துகளுமாக இருக்கும். 1147-ல் கிறிஸ்தவப் படை நகரைப் பிடித்த பிறகு, அங்கே தங்கிவிட்ட முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய இடம். அங்கே ஒரு தாஸ்காவுக்குள் நுழைந்தேன். தாஸ்கா என்றால் நம்மூர் மெஸ் மாதிரி. ஐந்தாறு மேஜை, காகித விரிப்பு, அன்றைக்கு என்ன உண்டு என்பது பலகையில்.

'அலெய்ரா' எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் பரிமாறுகிறவர். குதிரை லாடம் போல வளைந்த பழுப்பு நிறத் தொத்திறைச்சி வந்தது. மேலே ஒரு முட்டை, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். கத்தியை வைத்ததும் உள்ளேயிருந்து பிதுங்கியது இறைச்சித் துண்டு இல்லை, குழைவாக ஏதோ ஒன்று. தோலுக்குள் உப்புமாவைத் திணித்தது போல. பூண்டு வாசம் தூக்கியது. எனக்குப் பன்றி பழக்கமில்லை, எங்கள் வீட்டில் சமைத்ததில்லை, அவ்வளவுதான். இதில் பன்றி உண்டா என்று கேட்டேன். பெரியவர் சிரித்துவிட்டார். "இருக்கக் கூடாது என்றுதான் இதையே கண்டுபிடித்தார்கள். இப்போது நிறையப் பேர் சேர்க்கிறார்கள். எங்கள் கடையில் கோழிதான், பயப்படாதீர்கள்."

அவர் சொன்ன கதை இது. 1496-ல் யூதர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று மன்னர் மனுவேல் ஆணையிட்டார். மறு வருடமே வெளியேறும் வழியையும் அடைத்து, கட்டாயமாக மதம் மாற்றினார்கள். 1536-ல் மத விசாரணை மன்றமும் வந்தது. வடகிழக்கு மலைப்பகுதியில் ஒவ்வொரு வீட்டுப் புகைக்கூண்டிலும் பன்றித் தொத்திறைச்சி தொங்கும். தொங்காத வீடு, பன்றியைத் தொடாத யூதருடையது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். அதனால் ரொட்டியும் கோழியும் பூண்டும் பிசைந்து, அதே உருவத்தில் அடைத்துத் தொங்கவிட்டார்களாம். பன்றி வேஷம் கட்டிய கோழி! இதற்குச் சான்று போதாது, மிஞ்சிய இறைச்சியைக் கெடாமல் வைக்க எல்லோரும் செய்ததுதான் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு. நானும் அதை முழுசாக நம்பிவிடவில்லை. ஆனால் கதை பிறந்த பயம் பொய்யில்லை.

அது மறுநாள் காலையில் தெரிந்தது. நடந்துபோகிற தூரத்தில்தான் சாவோ தொமிங்கோஸ் தேவாலயம். 1506 ஏப்ரலில், வறட்சியும் கொள்ளை நோயுமாக இருந்த நேரத்தில், சிலுவையில் ஒளி தெரிகிறது, அற்புதம் என்று அங்கே கூட்டம் பரவசப்பட்டது. மெழுகுவத்தி வெளிச்சமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். மதம் மாற்றப்பட்ட யூதர். அங்கேயே அடித்துக் கொன்றார்கள். அடுத்த சில நாள் நகரம் முழுக்கக் கொலை. ஏறத்தாழ 2,000 பேர் என்கிறார்கள், அதற்கும் மேல் என்பாரும் உண்டு. வாசல் சதுக்கத்தில் இதற்கான நினைவுக் கல்லை வைத்தது 2008-ல்தான். கோயிலின் உள்ளே 1959-ல் தீப்பிடித்தது. வெடித்துச் சிதைந்த தூண்களைப் பூசி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எதிரே ஜின்ஜினியா என்ற புளிப்புச் செர்ரி மதுவை ஒரு துளிக் கோப்பையில் வாங்கி நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள். நான் வாங்கவில்லை, அன்றைக்கு மனசு வரவில்லை.

சரி, உங்கள் முறை.

* * *

இவ்வளவு கனமாக ஆரம்பித்துவிட்டீர்கள். என்னுடையது சிரிப்புக் கதைதான்.

நானும் மாமியாரும் அதே லிஸ்பனுக்குப் போயிருந்தோம். இருவரும் சைவம். மூன்று நாள் ரொட்டி, சூப், சீஸ் என்று ஓட்டிவிட்டு, ஒரு கடையில் "காய்கறி ஏதாவது உண்டா" என்று கையாலும் வாயாலும் கேட்டேன். பையன் தலையாட்டிவிட்டு மெனுவில் ஒன்றைத் தொட்டுக் காட்டினான். 'பெய்ஷின்யோஸ் த ஓர்த்தா'. அர்த்தம் பார்த்தால், தோட்டத்துக் குட்டி மீன்கள்! தட்டு வந்ததும் மாமியார் நாற்காலியையே பின்னால் தள்ளிவிட்டார். பார்க்க அசல் வறுத்த மீன் மாதிரியேதான் இருந்தது. நான் தைரியமாக ஒன்றைப் பிட்டேன். உள்ளே பச்சைப் பசேல் என்று பீன்ஸ். "அட, பீன்ஸ் பஜ்ஜி அம்மா!" என்றேன். கடலை மாவு இல்லை, காரமும் இல்லை. மாமியார் கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்தார். அரைத் தட்டு அவரே காலி செய்தார்.

இறைச்சியை விலக்கும் விரத நாட்களில் இதைச் செய்வார்களாம். 1543-ல் ஜப்பானில் இறங்கிய போர்த்துகீசியர்கள் வழியாகப் போய் அங்கே தெம்புரா என்ற மாவில் தோய்த்த வறுவலாக ஆனது இந்தப் பலகாரம்தான் என்பார்கள்.

இதில் இன்னொரு வேஷமும் உண்டு. மாவில் முட்டை அடித்துச் சேர்ப்பது வழக்கம் என்று ஊருக்கு வந்த பிறகு படித்தேன். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இந்தப் பக்கம் வரமாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

* * *

எங்களுக்கு நடந்தது இலவச வேஷம். நான் யாழ்ப்பாணம், இருப்பது லண்டனில். லிஸ்பனில் குடும்பமாகப் போய்க் கதிரையில் அமர்ந்ததுமே, கேட்காமலே ஒலிவ் காய், பாலாடைக்கட்டி, ஒரு கூடை என்று கொண்டுவந்து அடுக்கினார்கள். கூடையைக் காட்டி "பௌன்?" என்று மூக்கால் கேட்டார் பரிமாறுகிறவர். என் மகன் திரும்பி, "அப்பா, அவர் தமிழில கேக்கிறாரா?" என்றான். எங்களுக்கு அது பாண் அல்லவா! மற்ற ஊர்த் தமிழர் ரொட்டி, பிரெட் என்பதை நாங்கள் இன்றும் பாண் என்கிறோம்.

மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் துடைத்துச் சாப்பிட்டோம். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை! அதற்குக் 'கூவேர்' என்று பெயர். தொட்டால் காசு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் காசில்லை. ஊருக்கே தெரிந்த வழக்கம், எங்களுக்குத்தான் தெரியவில்லை. கோபம்தான். ஆனால் அன்றிரவு மகனுக்குச் சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது: கதிரை (நாற்காலி) அவர்களுடைய 'கதெய்ரா', சப்பாத்து (காலணி) 'சப்பாத்து'வேதான், குசினி (சமையலறை) 'குசின்யா'. போர்த்துக்கேயர் 1619-ல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து 1658-ல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது வருடத்துக்கும் குறைவு. கோட்டை கொத்தளம் எல்லாம் கைமாறியும் குசினியை விட்டுப் போகவில்லை. அவர்களுடைய முட்டைப் பாலேட்டு இனிப்பின் மேல் தூவுகிற கறுவாத் தூள் (இலவங்கப்பட்டைத் தூள்) ஒரு காலத்தில் எங்கள் தீவிலிருந்து போனது. அதற்கு யார் எங்களுக்குக் கூவேர் கட்டினார்கள்?

* * *

அலெய்ரா சாப்பிட்ட நான்தான் மறுபடி. கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன். தமிழ்நாட்டுப் பக்கத் தமிழிலும் சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம், துவாலை எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவைதான். பாண் மட்டும் எங்களுக்கு வந்து சேரவில்லை. வேஷம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1554-ல் லிஸ்பனில் அச்சான 'கார்த்திலா' என்ற ஜெபப் புத்தகத்தில் இருப்பது தமிழ், ஆனால் எழுத்து ரோமன். அச்சேறிய முதல் தமிழே வேஷத்தோடுதான் வந்திருக்கிறது.

மாமியாரோடு போனவருக்கு ஒரு கேள்வி. அந்தப் பீன்ஸ் கடை எந்தப் பக்கம்? நவம்பரில் மறுபடி போகிறேன். ஊறுகாய் என் பையிலும் உண்டு.