ஐஸில் ஓடிய பழ ரயில்

தேவி: பெரியப்பா, இந்தக் கலிஃபோர்னியா ரோஸ்வில் ஊரில் ரயில் யார்டுக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய ஐஸ் ஆலை இருந்ததாம். ரயிலுக்கு எதுக்கு அவ்வளவு ஐஸ்?

பெரியப்பா: பழத்துக்கும்மா! கலிஃபோர்னியாவில் விளைந்த ஆரஞ்சும் பீச்சும் நியூயார்க் போக ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர், நடுவில் நெவாடா பாலைவனம் வேறு. அதுக்காகவே சதர்ன் பசிஃபிக், யூனியன் பசிஃபிக் என்ற ரெண்டு ரயில் கம்பெனிகளும் சேர்ந்து 1906இல் பசிஃபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் என்று தனிக் கம்பெனி தொடங்கினார்கள், எடுத்த எடுப்பிலேயே 6,600 வேகனுக்கு ஆர்டர்.

கார்த்தி: அப்பவே ஏசி வேகனா?

பெரியப்பா: மெஷினே கிடையாதுப்பா. வேகனின் ரெண்டு முனையிலும் ஐஸ் தொட்டி, கூரையில் அதுக்கு மூடி, நடுவில் பழப்பெட்டி. ஒரு வேகனுக்குச் சுமார் 5 டன் ஐஸ் பிடிக்கும். உருக உருகத் தண்ணீர் கீழே வடிந்துவிடும், அதனால் லாரமீ, நார்த் பிளாட் என்று வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி நிரப்பவேண்டும். கூரை உயரத்துக்கு நீள மேடை, அதில் ஆட்கள் 300 பவுண்டு கட்டிகளைத் தள்ளிக்கொண்டுவந்து உடைத்துப் போடுவார்கள். என்னைக் கேட்டால் பழத்தை ஊர் சேர்த்தது அவர்கள்தான், அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ராஜி அத்தை: ஆலை வருவதற்கு முன்னாடி ஐஸுக்கு எங்கே போனார்கள் அண்ணா?

பெரியப்பா: மலை மேலே டிரக்கி என்ற ஊர்ப் பக்கம் குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் அறுத்து எடுத்து, மரத்தூள் போட்டு மூடி வெயில்காலம் வரை வைத்திருந்தார்கள் ராஜி.

ராஜி அத்தை: இவ்வளவு ஐஸ் போட்டபிறகு அழுகவே அழுகாதே?

பெரியப்பா: அங்கேதான் விஷயம். அப்படியும் ஆரஞ்சு அழுகித்தான் போனது, தோட்டக்காரர்கள் ரயில்காரர்களைத் திட்டினார்கள். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஹெரால்ட் பவல் வந்து தோட்டம், பேக்கிங் கொட்டகை எல்லாம் பார்த்தார். பறிக்கும்போது கத்தரி பட்ட சின்னக் கீறல், பெட்டியில் போடும்போது விழுந்த அடி, அந்த இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது என்று காட்டினார். பறிப்பதையும் அடுக்குவதையும் திருத்தியபிறகுதான் அழுகல் குறைந்தது.

ராஜி அத்தை: அண்ணா இதைத்தான் நான் மாங்காய் பறிக்கிற பையன்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறேன்! காம்போடு பறி, கீழே போடாதே என்று. இதை அப்படியே அவர்களுக்கு அனுப்புகிறேன்.

கார்த்தி: வாழைப்பழமும் ஐஸில்தானா?

பெரியப்பா: ஆமாம், ஆனால் அது ரொம்பப் பொல்லாதது, 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். நியூ ஆர்லியன்ஸில் கப்பலில் இருந்து பச்சைத் தாராக இறக்கி வடக்கே அனுப்புவார்கள், கென்டக்கியில் ஃபுல்டன் என்ற சின்ன ஊரில் நிறுத்தி ஐஸ் போடுவார்கள். 1950களில் மெஷின் வேகன் வந்தது, 70களின் தொடக்கத்தோடு ஐஸ் போடுவதே நின்றுவிட்டது.

தேவி: சனிக்கிழமை சேக்ரமென்டோ ரயில் மியூசியம் போகிறோம் பெரியப்பா.

பெரியப்பா: பழைய பழ வேகன் இருந்தால் கூரையின் நாலு மூலையிலும் மூடி இருக்கும், போட்டோ எடுத்துப் போடும்மா. உள்ளே விட்டால் தொட்டியையும்.