தொட்டி மூடியில் புது ட்யூப் போட்டும் துடிப்பு நிற்கவில்லை

செடித்தொட்டி:
வணக்கம். இரண்டடி நீள நன்னீர்த் தொட்டி, செடிகளும் கொஞ்சம் மீன்களும். மூடிக்குள் 18 வாட் டி8 (ஓர் அங்குலத் தடிமன்) ட்யூப் இரண்டு, பழைய இரும்புச் சோக் ஒன்று. போன மாதம் ஒரு ட்யூப்பின் முனை கறுத்து, இரண்டும் சேர்ந்தே துடிக்க ஆரம்பித்தன. இரண்டு ட்யூப்பையும் மாற்றினேன். மாற்றுகிறோமே என்று ஸ்டார்ட்டர் இரண்டையும் புதிதாகப் போட்டேன். இப்போது முன்பைவிட மோசம். முனைகள் லேசாக மின்னி அணைகின்றன, பத்துத் தடவை ஸ்விட்ச் போட்டால் ஒரு தடவை எரிகிறது. சோக் போய்விட்டதா?

கப்பிப்பிரியன்:
சோக்கைத் தூக்கி எறிந்துவிட்டு எல்இடி போடுங்கள் நண்பரே, தலைவலி விட்டது.

சோக்கு மாமா:
எல்இடி அப்புறம் பார்க்கலாம், முதலில் கோளாறு என்னவென்று தெரியட்டும். மூன்று கேள்வி. சோக்கில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது? ஒரு ட்யூப்பைக் கழற்றினால் மற்றது எரிகிறதா? புது ஸ்டார்ட்டர் மேல் என்ன எழுத்து? எதைத் தொடுவதற்கு முன்னும் ப்ளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, கீழே தண்ணீர் இருக்கிறது.

செடித்தொட்டி:
சோக்கில் 36 வாட். ஒன்றைக் கழற்றினால் மற்றதும் எரியாது. புது ஸ்டார்ட்டரில் எஸ்10, 4–65 வாட். பழசு ஒன்று டப்பாவில் கிடந்தது, அதில் எஸ்2 என்று இருக்கிறது. எஸ்10 பெரியது, நல்லது என்று நினைத்துத்தான் வாங்கினேன் மாமா.

சோக்கு மாமா:
கோளாறு சோக்கில் இல்லை, ஸ்டார்ட்டரில்தான். 36 வாட் சோக் ஒன்றில் 18 வாட் ட்யூப் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மின்சாரம் ஓடும்படி, மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஒன்று கெட்டபோது இரண்டும் துடித்தன. தொடரில் வரும் 230 வோல்ட் இரண்டு ஸ்டார்ட்டருக்கும் பிரிந்துபோகும். எஸ்10 தனி ட்யூப்புக்கானது. முழு வோல்ட்டும் வந்தால்தான் உள்ளே வாயு மின்னி, அந்தச் சூட்டில் தகடு வளைந்து தொடும். பாதி வோல்ட்டில் திணறும். உங்களுக்கு வேண்டியது எஸ்2, 4–22 வாட், இரண்டு. முதலில் கெட்டது கறுத்த ட்யூப் மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்களாக வரவழைத்தது!

முனை ஏன் கறுக்கிறது என்றால், இழை மேல் பூசிய பூச்சு ஒவ்வொரு துடிப்பிலும் தெறித்துக் கண்ணாடியில் படியும். அதனால் புது ட்யூப்பை இப்படியே துடிக்க விட்டால் அதுவும் சீக்கிரம் கறுக்கும். ஸ்டார்ட்டர் வரும்வரை போடாதீர்கள்.

செடித்தொட்டி:
எஸ்2 இரண்டு போட்டேன். மூன்று சிமிட்டலில் எரிந்தது! ஆனால் வலது பக்க ட்யூப்பைக் கொஞ்சம் திருகினால்தான் நிலைக்கிறது. ஹோல்டருக்குள் பார்த்தால் பித்தளை மேல் பச்சையாக ஏதோ.

சோக்கு மாமா:
களிம்பு. தொட்டி ஆவி ஏறி வருவது. உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்துத் துடையுங்கள். தகடு தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுங்கள், அது சின்ன வேலைதான். தண்ணீருக்கும் விளக்குக்கும் நடுவே கண்ணாடி மூடி இருக்கிறதா? இல்லையென்றால் இது திரும்பத் திரும்ப வரும்.

செடித்தொட்டி:
கண்ணாடி வெட்டி வைத்துவிட்டேன், துடிப்பு போயே போச்சு. ஆனால் ஒரு வாரமாகக் கண்ணாடிச் சுவரில் பச்சைப் பாசி. ட்யூப்பில் 865 என்று இருக்கிறது. செடிக்கென்று தனி ட்யூப் வாங்கியிருக்க வேண்டுமோ?

கப்பிப்பிரியன்:
இதில் எனக்கு அனுபவம் உண்டு. 865 தாராளமாகப் போதும். 8 என்றால் நிறங்களை இயல்பாகக் காட்டும் தரம் நூற்றுக்கு எண்பதுக்கு மேல், 65 என்றால் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை. செடிக்கென்று விற்கும் ரோஜா நிற ட்யூப்பில் மீனும் சிவப்புச் செடியும் எடுப்பாகத் தெரியும், என் கண்ணுக்கு அது கல்யாண மேடை மாதிரி. பாசிக்குக் காரணம் வேறு. பழைய ட்யூப் மாதக்கணக்கில் மங்கிக்கொண்டே வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. திடீரென்று புது வெளிச்சம் இரண்டு. எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள்?

செடித்தொட்டி:
காலையில் போட்டால் ராத்திரி படுக்கும்போதுதான் அணைப்பேன். பதினான்கு இருக்கும்.

கப்பிப்பிரியன்:
அடேயப்பா. ஆறு மணி நேரமாக்குங்கள். பாசி அடங்கியதும் வாரம் அரை மணி கூட்டி எட்டில் நிறுத்துங்கள். அடுத்த தடவை இரண்டு ட்யூப்பையும் ஒரே நாளில் மாற்றாமல் சில வாரம் இடைவெளி விடுங்கள்.

செடித்தொட்டி:
டைமர் மாட்டிவிட்டேன். இருவருக்கும் நன்றி. பழைய ட்யூப்களைத் தொட்டிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன், பரவாயில்லையா?

சோக்கு மாமா:
அங்கே வேண்டாம் தம்பி, உள்ளே பாதரசம். சரிந்து உடைந்தால் தொட்டிக்குள்ளும் விழும். புது ட்யூப் வந்த அட்டையில் போட்டு, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.