செத்த மாடும் இன்சூரன்ஸ்காரரும்: உங்களுக்கு நேர்ந்தது உண்டா?

மலைச்சரிவு:

போன வாரம் ஒரு துப்பறியும் நாவல் முடித்தேன். மாட்டுப் பண்ணைப் பிரதேசம், இன்சூரன்ஸ் துப்பறிவாளன், எரிந்துபோன கொட்டகை. பெயரைச் சொல்லவில்லை, இங்கே பாதிப் பேர் இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், முடிவை உளறிவிடுவேன். நான் பேச வந்தது வேறு. அதைப் படித்ததிலிருந்து ஒரு பசுவின் வாய் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

டென்வரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு க்ளெய்ம் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த காலம். நாற்காலியிலேயே உட்கார்ந்து எழுதினால் போதாது, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்று மேனேஜர் ஒரு அட்ஜஸ்டரோடு, அதாவது இழப்பை நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடுகிறவரோடு, அனுப்பி வைத்தார். அவருக்கு அறுபது வயது இருக்கும். வடமேற்கு கொலராடோவில் கிரெய்க் தாண்டி ஒரு மலை மேய்ச்சல் நிலம். போக மட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல். ஜூலை மாதம். முந்தின ராத்திரி இடி விழுந்து ஒன்பது பசுக்கள் செத்ததாக க்ளெய்ம்.

புல்வெளிச் சரிவில் கிடந்தன. மரத்தடி இல்லை, கம்பிவேலி ஓரமும் இல்லை. வயிறு ஊதி, கால் விறைத்து, எல்லாத் தலையும் பள்ளத்துப் பக்கம். பண்ணைக்காரர் பிக்கப்பை விட்டு நகரவே இல்லை, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அட்ஜஸ்டர் ஒரு பசுவின் கால்களை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை மடித்து, மண்டியிட்டு, அதன் வாய்க்குள் கையை விட்டு ஒரு கொத்துப் பச்சையை வெளியே எடுத்தார். நாலைந்து நொடி உற்றுப் பார்த்தார். கீழே போட்டார். ஜீன்ஸில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினார்.

திரும்பி வரும்போது கேட்டேன், “இடிதானா?”

“ராத்திரி இடி மழை பெய்ததே” என்றார். ரேடியோவைப் போட்டார். க்ளெய்ம் பாஸ் ஆனது.

மின்னல் தாக்கினால் மேய்ந்த வாய் மேய்ந்தபடியே செத்துவிடும், வாயில் புல் இருக்கும் என்று பிறகு படித்தேன். “வாயில் புல்: ஆம் / இல்லை” என்று மென்பொருளில் ஒரு கட்டம்கூட வைத்தேன். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? ஆனால் கேட்ட கேள்விக்கு அவர் சொன்னது பதிலா என்று இன்னமும் உறுத்துகிறது.


மணல்மேடு:

நானும் அதே நாவல்தான், பாதியில் நிறுத்திவிட்டேன். அந்த ஆள் வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகப் பண்ணைக்காரரிடம் “மொத்தம் எத்தனை மாடு?” என்று கேட்கிறான். எழுதியவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த கதை இது. நெப்ராஸ்காவின் மணல்குன்றுப் பகுதி, வாலன்டைன் ஊருக்குத் தெற்கே. டயர் பஞ்சர். ஒரு பெரியவர் நின்று ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்தார். நன்றியாக ஏதாவது பேச வேண்டுமே என்று, உங்களிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று கேட்டுவைத்தேன். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “உங்கள் பேங்க் கணக்கில் எவ்வளவு இருக்கிறது தம்பி?” என்கிற மாதிரி ஒரு வார்த்தை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்னும் சுடுகிறது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் போனதும் மூடிவிடுங்கள். நல்லது செய்வதாக நினைத்துத் திறந்த கேட்டைச் சாத்தினால், அந்தப் பக்கத்து மாடு தண்ணீர்த் தொட்டிக்கு வர முடியாமல் போகும். மண் ரோட்டில் குறுக்கே இரும்புக் குழாய் பதித்த பள்ளம் வரும். மாடு தாண்டாமல் இருக்க, வண்டி மட்டும் போகிற ஏற்பாடு. அதில் பிரேக் போடாமல் மெதுவாக ஏறிப் போங்கள். எதிரே வருகிற வண்டிக்காரர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். நீங்களும் ஒரு விரல் தூக்கினால் போதும். எந்த விரல் என்பதில் கவனம். அக்டோபர் தாண்டினால் வண்டியில் கம்பளி, தண்ணீர், மண்வாரி கட்டாயம். போன் சிக்னலை நம்பவே நம்பாதீர்கள்.


கத்திவேண்டாம்:

மலைச்சரிவு சார், அந்தக் கட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள். நான் கால்நடை மருத்துவர். நாமக்கல்லில் படித்தேன், இப்போது டெக்சாஸ். வாயில் தீனி இருப்பது திடீர்ச் சாவுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான். மின்னலுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கால் உட்புறத்தில் கோடு போட்ட மாதிரி முடி கருகியிருக்கிறதா, பக்கத்தில் மரமோ கம்பிவேலியோ இருக்கிறதா, அதில் வெடிப்போ கருகலோ உண்டா, இதெல்லாம் சேர்ந்து வந்தால்தான் மின்னல் என்று சொல்லத் தைரியம் வரும். வயிறு ஊதியதை விட்டுவிடுங்கள், ஜூலை வெயிலில் எந்தச் செத்த மாடும் சில மணி நேரத்தில் ஊதிவிடும்.

இடி என்று சொல்லிக்கொண்டு வருவதில் சப்பை நோய் இருக்கும். கொழுத்த இளங்கன்றுதான் அதில் விழும். தொடைச் சதையை அழுத்தினால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி கேட்கும். அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) இருக்கும். எனக்கு நேர்ந்தது அடைப்பான்தான்.

யுவால்டியிலிருந்து டெல் ரியோ வரைக்கும் உள்ள மண்ணில் அந்தக் கிருமி உறைந்து கிடக்கிறது, பல பத்தாண்டுகள் சாகாது. வெயில் காலத்தில் மான், மாடு என்று விழும். ஒரு பண்ணையில் நான் போய்ச் சேருவதற்குள் இன்சூரன்ஸ் ஆள் வந்துவிட்டார். மாட்டின் மூக்கில் கருஞ்சிவப்பாக, உறையாத ரத்தம். அவர் கையில் கத்தி, வயிற்றைக் கீறிப் பார்க்கக் குனிந்துவிட்டார். நான் பத்தடி தூரத்தில். இங்கிலீஷ் வாயில் வரவில்லை. “ஐயோ, வேண்டாம்!” என்று தமிழில்தான் கத்தினேன். அப்படியே உறைந்து நின்றார். எந்த மொழியாக இருந்தால் என்ன, புரிந்துவிட்டது.

ஆகவே எல்லோருக்கும்: இயற்கைத் துவாரங்களில் ரத்தம் கண்டால் தொடாதீர்கள், திறக்காதீர்கள், இழுத்துப் போகாதீர்கள். உடம்பைத் திறந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறி மண்ணில் உட்கார்ந்துவிடும். மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கொலராடோ மலைக்கு என் சந்தேகமே வேறு. அங்கே லார்க்ஸ்பர் என்று ஒரு செடி, ஊதாப் பூ, ஆளுயரம்கூட வளரும். கோடை இடி மழை சமயத்தில் மாடுகள் அதை வழக்கத்தைவிட அதிகமாகத் தின்னும் என்று ஆராய்ச்சியிலேயே பார்த்திருக்கிறார்கள். தசை செயலிழந்து விழும். தலை பள்ளத்துப் பக்கமாக விழுந்துவிட்டால் உப்புசம் ஏறி முடிந்துவிடும். பிழைக்கவைக்கப் பார்க்கிறவர்கள் தலையை மேட்டுப் பக்கம் திருப்பி வைப்பதே அதனால்தான். காலையில் வந்து பார்க்கிறவருக்கு ராத்திரி இடி இடித்ததுதான் நினைவிருக்கும். பெரும்பாலான பண்ணை பாலிசியில் இடிக்குப் பணம் உண்டு, விஷச்செடிக்குக் கிடையாது.

ஒரே ஒரு கேள்வி. அவர் கையில் வந்தது புல்லா, இலையா?


ஈரோட்டுக்காரன்:

எங்கள் ஊரில் இந்தத் துப்பறியும் வேலைக்கெல்லாம் இடமே இல்லை. இன்சூரன்ஸுக்காக மாட்டின் காதில் மாட்டுகிற எண் வில்லை இருக்கிறதா, பணம் உண்டு. இல்லையா, இல்லை. அப்பா வைத்திருந்த ஜெர்சி மாடு கன்று போட்ட மறுவாரம் செத்தது. வில்லை அதற்குப் பத்து நாள் முன்னால்தான் முள்வேலியில் மாட்டி அறுந்திருந்தது. காதில் ஓட்டை மட்டும் இருந்தது. வந்த சார் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “ஓட்டைக்கு இன்சூரன்ஸ் இல்லைங்க” என்றார்.


பனிப்பொறி:

ஈரோட்டுக்காரரே, வருத்தமாக இருக்கிறது, ஆனால் மலைச்சரிவு கேட்டது வேறு மாதிரி அல்லவா. சரி, நானும் திசை மாறித்தான் எழுதப் போகிறேன்.

2013 அக்டோபர் முதல் வாரம், தெற்கு டகோட்டா. ராபிட் சிட்டியில் படித்துக்கொண்டிருந்தேன். முதலில் மழை, அப்புறம் பனி, நகரத்திலேயே இரண்டடிக்குக் கிட்ட. மாடுகளுக்குக் குளிர்கால ரோமம் இன்னும் முளைக்கவில்லை, கோடை மேய்ச்சலிலிருந்து இறக்கவும் இல்லை. நனைந்த உடம்போடு காற்று தள்ளிய பக்கமே நடந்தன. பனி வேலி உயரத்துக்குக் குவிந்ததால் வேலியையே தாண்டிப் போய்விட்டன. பல்லாயிரம் மாடுகள் செத்தன. கூடப் படித்த பையனின் குடும்பத்துக்கு உதவப் போனோம்.

பனி உருக உருக ஓடைப் பள்ளத்திலிருந்து மாடுகள் வெளியே வந்தன. அவன் அப்பா ஒவ்வொரு காதாகத் திருப்பி எண்ணை வாசித்தார், நான் எழுதினேன். நாற்பது, ஐம்பது எண் வரை சாதாரணமாக வாசித்தார். ஒரு மாட்டிடம் வந்ததும் காதைப் பார்க்காமலே எண்ணைச் சொன்னார். வாசித்துச் சொல்லுங்கள், இன்சூரன்ஸுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று நான் முட்டாள்தனமாகச் சொன்னேன். குனிந்தார், காதைத் திருப்பினார், அதே எண்ணைத் திரும்பச் சொன்னார்.

இன்சூரன்ஸ் பெரிதாக ஒன்றும் இல்லை. மத்திய அரசின் கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011-லேயே காலாவதி ஆகியிருந்தது, அந்த வாரம் அரசு அலுவலகங்களே மூடிக் கிடந்தன. 2014 பண்ணைச் சட்டத்தில்தான் பின்தேதியிட்டு, சந்தை விலையில் 75 சதவீதம் என்று வந்தது. அப்போது எங்கள் நோட்டு உதவியது என்று அவன் சொன்னான்.


காகிதப்புலி:

மருத்துவர் மேடம் சொல்வதைப் படித்தால் எல்லா மோசடியும் மேய்ச்சல் நிலத்தில்தான் நடக்கிறது போல இருக்கிறது. பதினாலு வருடமாக டெக்சாஸில் க்ளெய்ம் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய திருட்டுக்குச் செத்த மாடு தேவையே இல்லை, உயிருள்ள மாடும் தேவையில்லை. வாஷிங்டன் மாநிலத்து கோடி ஈஸ்டர்டே வழக்கைத் தேடிப் பாருங்கள். இல்லாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை வாங்கித் தீனி போட்டு வளர்த்ததாகக் கணக்கு எழுதி 244 மில்லியன் டாலர் வாங்கியிருக்கிறார். 2022-ல் 11 வருடச் சிறை. அவ்வளவும் பில்லிலேயே மேய்ந்த மாடுகள். இதில் நாவல்காரர்கள் இன்னும் கொட்டகையைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நிறைய பாலிசிகளில் திருட்டு உண்டு, ஆனால் “மர்மமாகக் காணாமல் போனது” சேராது என்று தெளிவாக அச்சடித்திருக்கும். வேலி அறுத்த தடம், வண்டித் தடம், ஏதாவது காட்ட வேண்டும். மர்ம நாவலுக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது, யாரும் தொடவில்லை.

என் அனுபவம் ஒரு போன் கால் மட்டும்தான். நாற்பது கிடாரிகள் காணோம். கடைசியாக எப்போது எண்ணினீர்கள் என்று கேட்டேன். மே மாதம் என்றார். அன்றைக்கு அக்டோபர். வேலி முழுசாக இருக்கிறது, கேட் பூட்டியிருக்கிறது. கால்நடைத் திருட்டுக்கென்றே இங்கே சிறப்பு ரேஞ்சர்கள் இருக்கிறார்கள், 1877-ல் தொடங்கிய வளர்ப்போர் சங்கம் அமர்த்துகிறவர்கள், போலீஸ் அதிகாரமே உண்டு. அவர்களும் போய்ப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. க்ளெய்ம் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. “சரி, அப்படியானால் அவை எங்கே போயின என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். நான் பாலிசியின் பத்தி எண்ணைச் சொன்னேன்.

மலைச்சரிவு, உங்கள் கதையில் பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றி நின்றாரே, எனக்கு அங்கேயே உதைத்தது.


மணல்மேடு:

செத்த மாட்டுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றினால் அதுவும் குற்றமா? பதினாலு வருடம் மேஜையில் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். அவருக்கு அந்தப் பசுக்கள் ஒவ்வொன்றும் தெரிந்திருக்கும், பனிப்பொறி சொன்ன பெரியவரைப் போல.


மலைச்சரிவு:

மூன்று நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, யோசித்துக்கொண்டே இருந்தேன்.

காகிதப்புலி, பண்ணைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி முழுக்க இடி, காலையில் ஒன்பது பசு. யாராக இருந்தாலும் இடி என்றுதான் சொல்வார்கள். அவர் பசுக்கள் பக்கம் வரவே இல்லையே, வாயில் என்ன இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மருத்துவர் மேடம், இலைதான். அகலமாக, விரல் விரித்த கை மாதிரி பிளந்த இலை. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர் ராசிபுரம் பக்கம். அதை அவர் கையில் பார்த்ததும் “இந்த மலையில் மரவள்ளி எங்கிருந்து வந்தது” என்று ஒரு கணம் தோன்றியது. அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில்கூடச் சொன்னேன், மரவள்ளி மாதிரி ஒரு இலை பார்த்தேன் என்று. அதே நான்தான் இரண்டு வாரம் கழித்து “வாயில் புல்” என்று கட்டம் போட்டேன்.

அவருடைய ரிப்போர்ட் சிஸ்டத்தில் வந்தபோது திறந்து பார்த்திருந்தேன். காரணம் என்கிற இடத்தில் ஒரே வரி, “ராத்திரி இடி மழை.” அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. அந்தக் கட்டம் இன்னும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.