வண்டித்தடத்தில் குழி போட்ட கல், காதக்கல்லாக இருக்குமா?

இட்டேரிக்காரன்:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய வண்டித்தடம் போகிறது. இருபுறமும் வேலி வைத்த அந்த இட்டேரியில் முள் வெட்டும்போது, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல்லுக்கு நாலு எட்டுத் தள்ளி ஒரு பலகைக்கல் படுத்த வாக்கில் தெரிந்தது. மேலே ஏழு ஏழாக இரண்டு வரிசைக் குழி, எழுத்து எதுவும் இல்லை. தர்மபுரிப் பக்கம், ஊர் இத்தனை காதத் தூரம் என்று வழியில் காட்டும் பழைய காதக்கல் ஒன்று குழி போட்டுக் கிடைத்ததாகப் படித்தேன், இதுவும் அதுவா? எங்கள் அப்பாரு "சும்மா கெடக்கற கல்லுடா" என்கிறார்.

நொய்யல்கரை:
நீங்கள் படித்தது அதியமான் பெருவழிக் கல். "நாவற்தாவளத்துக்குக் காதம் 29" என்று எழுத்தில் வெட்டி, எண்ணையும் போட்டு, அது போதாதென்று இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரியது பத்து, சின்னது ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரர் இருட்டில் தடவியே தூரத்தைச் சொல்லிவிடலாம். ஆத்தூர்ப் பக்கம் ஆறகளூரிலும் "காஞ்சிபுரத்துக்குக் காதம் 16" என்று ஒரு கல் உண்டு, அதிலும் குழிதான். ஆனால் இரண்டிலும் எழுத்து இருக்கிறது, உங்களுடையதில் இல்லையே.

ஆத்தா_பேத்தி:
அண்ணா, ஏழு ஏழாக இரண்டு வரிசை என்றால் பல்லாங்குழி! மாடு மேய்க்கப் போனவர்கள் வெட்டி விளையாடியிருப்பார்கள். எங்கள் ஊர்க் கோயில் திண்ணையிலும் இருக்கிறது.

இட்டேரிக்காரன்:
அட, அதை யோசிக்கவே இல்லை. சோழர் காலத்து ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு மாதிரி பெரிதாகக் கற்பனை செய்துவிட்டேன்.

நொய்யல்கரை:
அது கோயம்புத்தூரை ஒட்டிய சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையிலேயே வெட்டியது, வட்டெழுத்திலும் தமிழிலும். தூரக்கணக்கு இல்லை, வழியின் பெயரும் சோழனை வாழ்த்தும் ஒரு வெண்பாவும்தான். சரி, குழியை விடுங்கள், பக்கத்தில் இருக்கிற சுமைதாங்கியைப் பார்த்தீர்களா? பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது, மேல்கல்லின் முகப்பில் பல இடங்களில் பேரும் வருசமும் இருக்கும். கம்பி பிரஷ் போடாதீர்கள், தேங்காய் நாரும் தண்ணீரும் போதும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள்.

இட்டேரிக்காரன்:
இப்போதுதான் வந்தேன். ஐந்தாறு தடவை அடித்த சுண்ணாம்பு, பாதிதான் போயிருக்கிறது. "உபயம்" என்பது தெளிவாகத் தெரிகிறது, அதற்கு முன்னால் "...யம்மாள்" வரைக்கும் படிக்க முடிகிறது. அப்பாருவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மிச்சத்தையும் கழுவிப் படம் போடுகிறேன்.